விளக்கடியில் ஒரு வெல்லக்கட்டி

திருக்கோகர்ணத்தில், பிரகதாம்பாள் திருக்கோயிலுக்கு அருகே வாழும் முதிய தம்பதியர் அவர்கள். அரைக்காசு அம்மன் எனப் புதுக்கோட்டை மக்கள் போற்றும் அந்த அன்னைக்கு, தொலைந்த பொருள் கிடைக்க வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். கணவருக்குப் பல்லாண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் மனைவியே.

ஒருநாள் அந்தியில் விளக்கேற்றியதும், "பாப்பா உட்கார்ந்திருக்கு பார், அதுக்கும் வெல்லம் கொடு" என்றார் அவர். அங்கே எவரும் இல்லை. அம்மையாருக்கு மெய் சிலிர்த்தது. அம்பாளே எழுந்தருளினாள் என்று கைகூப்பினார். மறுவாரம் அக்குழந்தை நள்ளிரவிலும் வந்தது. அதைத் தேடி இருட்டில் எழுந்தவர் தடுமாறி விழுந்தார். காற்று, கருப்பு என்றனர் சிலர். மாத்திரைதான் காரணம் என்றார் உறவினர் ஒருவர். அவர் சொல்லை நம்பி, அம்மையார் அன்று எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். விடிந்தபோது கணவரால் படுக்கையில் புரளவும் இயலவில்லை.

உறவினர் கூறியது பாதி உண்மை. இந்நோய்க்கான மருந்துகள் சிலருக்கு இல்லாத உருவங்களைக் காட்டுவதுண்டு; ஆயினும் அவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் முதலில் சிறுநீரில் கிருமித்தொற்று உண்டா எனச் சோதித்தார்; முதியோரை அதுவும் குழப்பும். பின்னர், நடுக்கத்துக்கென முன்பு சேர்த்திருந்த ட்ரைஹெக்ஸிபெனிடில் மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். முதுமையில் அறிவைக் கலக்கும் இயல்பு அதற்கு உண்டு. லெவோடோபாவை மட்டும் தொடரச் சொன்னார். அப்பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937இல் சென்னையில் பிரித்தெடுத்தவர்கள் தாமோதரன், ராமசாமி என்னும் இரு அறிஞர்கள். அதற்காகப் பூனைக்காலிப் பொடியைத் தாமாகவே மாத்திரையுடன் சேர்ப்பது தகாது. மருந்தின் அளவு மிகுந்துவிடும்.

அம்மையார் நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் மாத்திரை தந்த வேளையையும் குழந்தை வந்த வேளையையும் குறிக்கலானார். கோயில் சுண்டலோடு மாத்திரை தந்த நாட்களில் கால்கள் எழாமற்போனதும் அதில் தெரிந்தது. சுண்டலின் புரதம் லெவோடோபாவை உடலில் சேரவிடாமல் தடுக்கும். எனவே மாத்திரை உணவுக்கு அரைமணி முன்னதாயிற்று. வணங்கி எழுகையில் தலை சுற்றியது. இரத்த அழுத்தம் தாழ்வதே காரணம். இப்போது சந்நிதியில் சற்று அமர்ந்திருந்தே எழுகிறார்.

இரண்டு மாதங்களில் குழந்தையின் வரவு நின்றது. ஓர் அந்தியில் அவர் விளக்கையே நெடுநேரம் நோக்கியிருந்து, "பாப்பா இன்னிக்கும் வரலையே" என்றார். அம்மையார் விடை கூறவில்லை. வெல்லக்கட்டியை இரண்டாக உடைத்தார். ஒரு துண்டை அவர் கையில் கொடுத்து, மற்றதை விளக்கடியில் வைத்தார்.