பாதிரியார் காத்த இரகசியம்

கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கப் பணியைத் தொடங்கினர். அதன்பின் ஏறத்தாழ 120 ஆண்டுகள், மண்ணுக்குள் மறைந்து கிடந்ததைத் தேடி எடுப்பதே அவ்வூரின் தொழிலாயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தை எட்டியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள், 'லைன்' என்று அழைக்கப்பட்ட நெருக்கமான வீட்டு வரிசைகளில் குடியேறின. ஒரு வீட்டில் பேசுவது மறுவீட்டில் கேட்கும். சுரங்கத்திலிருந்து மேலே வரும் தொழிலாளரைக் காவலர் சோதித்த பிறகே வெளியே விடுவர். சிறு கல்லிலும் தங்கம் ஒளிந்திருக்கலாம் அல்லவா? ஆகவே ஒரு குற்றமும் செய்யாதவரும் சந்தேகத்தைக் கடந்துதான் நாள்தோறும் வீடு திரும்பினர்.

இத்தகைய ஊரில் ஒருவன் தன் நண்பனின் திருட்டை அறிந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். வெளியே சொன்னால் நண்பனின் வேலை போகும். அவன் பிள்ளைகளின் சோறும் போகும். சொல்லாவிட்டால் வேறொருவன்மேல் பழி விழலாம். மறுநாளோ இருவரும் ஒரே கூண்டில் நின்று கீழே இறங்க வேண்டும். பாறை திடீரென வெடித்துச் சரியும் அச்சம் அச்சுரங்கங்களில் எப்போதும் இருந்தது. அந்நேரத்தில் கைகொடுத்துத் தூக்க வேண்டியவனும் அதே நண்பனே.

தமிழில் துப்பறியும் கதை புதிய சரக்கன்று. பண்டித நடேச சாஸ்திரியார் 1894ஆம் ஆண்டிலேயே 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்துவிட்டார். ஆனால் போலீஸ் நிபுணனுக்கு மேற்கண்ட சிக்கல் எழுவதில்லை. கள்வனைப் பிடித்து ஒப்படைத்தால் அவன் கடமை முடிந்தது. அந்தச் சிக்கலை நேரே எடுத்துக்கொண்டவர் ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன். அவருடைய துப்பறிவாளர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், பெயர் பிரவுன். குள்ளமான உருவம், உருண்டை முகம், கையில் எப்போதும் தவறி விழும் ஒரு பெரிய குடை. அவரைப் பார்த்து எவரும் அஞ்சமாட்டார்.

இப்பாத்திரத்துக்கு முன்மாதிரி ஜான் ஓ'கானர் என்னும் உண்மையான பாதிரியார். உலகின் தீமைகளைப் பற்றி அவர் அறிந்திருந்த அளவைக் கண்டு செஸ்டர்டன் திகைத்துப் போனார். அன்று மாலையே கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர், மடத்துக்குள் வாழும் குருமாருக்கு உலகத் தீமை தெரியாது என்று பேசக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. பாவசங்கீர்த்தனத்தில் மனிதர் தம் குற்றங்களைக் குருவிடம் அறிக்கையிடுகின்றனர். கேட்டதை எவரிடமும், நீதிமன்றத்திலும்கூட, குரு வெளியிடலாகாது என்பது திருச்சபையின் சட்டம். எல்லாவற்றையும் அறிந்தும் வாய் திறவாத ஒருவரைத் துப்பறிவாளராக்கியது துணிச்சலான செயல். துப்பறியும் கதை வெளிப்படுத்தலை நாடுகிறது. பாதிரியாரின் கடமையோ காத்தலை நாடுகிறது.

1911ஆம் ஆண்டு வெளிவந்த முதல் தொகுதியிலேயே 'கடவுளின் சுத்தியல்' என்ற கதை உள்ளது. சிற்றூர் ஒன்றில் தீயொழுக்கமுள்ள படைத்தளபதி ஒருவர் கொல்லப்படுகிறார். அவர் தலையைப் பிளந்தது மிகச் சிறிய சுத்தியல். அவ்வளவு வலிமை யாருக்கு உண்டு? ஊரார் கொல்லனை எண்ணுகின்றனர். பிறகு அவன் மனைவியை. பிறகு அறிவு மழுங்கிய ஓர் இளைஞனை. சிற்றூரின் இயல்பு இதுவே. பழி தங்க ஓர் இடம் தேடும். எளியவன் வீட்டுத் திண்ணையே முதலில் அதன் கண்ணில் படும். உண்மையில் கொன்றவர் இறந்தவரின் உடன்பிறந்த தம்பி, அவ்வூர்த் தேவாலயத்தின் குரு! கோபுரத்தின் உயரத்தில் நின்று வணங்கிப் பழகியவர் அவர். அங்கிருந்து பார்த்தபோது அண்ணன் ஒரு பூச்சியைப் போலத் தெரிந்தார். கையிலிருந்த சுத்தியலை நழுவவிட்டார். சிறு சுத்தியலுக்குப் பெருவலிமை தந்தது உயரம்.

பிரவுன் அவரைக் கோபுரத்தின்மேல் தனியாகச் சந்தித்து இதனைக் கூறுகிறார். குரு கீழே குதிக்க முயல, கழுத்துப்பட்டையைப் பற்றி நிறுத்துகிறார். பின்னர், இதை எவரிடமும் சொல்லமாட்டேன் என்று உறுதியளிக்கிறார். காரணமும் கூறுகிறார்: கொல்லன்மீதும் அவன் மனைவிமீதும் பழியைச் சுமத்துவது எளிதாயிருந்தும் குரு அதைச் செய்யவில்லை. தண்டனை தீண்டாது என்று தெரிந்த அவ்விளைஞனையே சுட்டினார். அந்த நல்லியல்பின் எச்சத்தை நம்பியே முடிவை அவரிடம் விடுகிறார். இருவரும் மௌனமாகப் படியிறங்குகின்றனர். குரு தாமே அதிகாரியிடம் சென்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.

இன்னொரு கதையில் ஃபிளாம்போ என்னும் கள்வன் வைரங்களோடு மரத்தின்மேல் ஒளிந்திருக்கிறான். பிரவுன் கீழே நின்று அவனோடு பேசுகிறார்; காவலரை அழைக்கவில்லை. சற்று நேரத்தில் வைரங்கள் கீழே விழுகின்றன. பின்னாளில் அக்கள்வனே அவருக்கு உற்ற நண்பனாகிறான். துரத்திப் பிடிக்கும் கதைகளில் இத்தகைய நட்புக்கு இடம் குறைவு.

இக்கதைகளைத் தங்கவயலில் வைத்துப் படித்தால் அயலூர்க் கதைகளாகத் தோன்றமாட்டா. அங்கே சாம்பியன் ரீஃப்பில் வெற்றி அன்னை ஆலயம் உண்டு. லைன்களுக்கிடையே அம்மன் கோயில்களும் உண்டு. கீழே இறங்கும் முன் அவரவர் தம் தெய்வத்தை நினைத்துக்கொள்வர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. கழிவு மண் குன்றுகள் வெளிறி நிற்கின்றன. மக்கள் பலர் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். எடுத்த தங்கத்துக்குக் கணக்கேடுகள் உண்டு. கோயில் ஏட்டில் ஞானஸ்நானமும் திருமணமும் பதிவாகியிருக்கும். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னவை எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை.