ஐந்நூறு பவுனில் ஒரு சட்டை

"தண்ணியில விழறதுக்குன்னே போறே. அப்புறம் நனையாம இருக்க ஒரு சட்டை எதுக்குடா?"

சென்ற குளிர்காலத்தில் என்னிடம் இப்படிக் கேட்காத சிநேகிதன் இல்லை. நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். கையில் இருக்கும் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஊர். லண்டனுக்கு மேற்கே ஸ்லவ். மனைவிக்கு அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நான் பி.காம். முடித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். அதாவது, எங்கள் வீட்டில் ஒருவர் சம்பாதிக்கிறார். இன்னொருவர் அதற்குக் கணக்கு எழுதுகிறார்.

இந்த வட்டாரத்தில் சரளைக்கல்லுக்காகத் தோண்டிய பள்ளங்களெல்லாம் தண்ணீர் நிரம்பி ஏரிகளாகிவிட்டன. அப்படி ஒரு ஏரியில்தான் நான் வேக்போர்டிங் போகிறேன். இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்தால் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். சில இடங்களில் படகு இழுக்கும். எங்கள் ஏரியில் கம்பம் நட்டு, தலைக்கு மேலே கேபிள் ஓட்டி, மோட்டாரால் இழுக்கிறார்கள். 1960 வாக்கில் ப்ரூனோ ரிக்ஸன் என்ற ஜெர்மன் என்ஜினீயர் கொண்டுவந்த ஏற்பாடு. வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். நம்மூர் டவுன் பஸ் வேகம்தானே என்று நினைக்காதீர்கள். டவுன் பஸ்ஸில் ஃபுட்போர்டில் தொங்கியவனைக் கேட்டால் தெரியும்.

கோடையில் பிரச்னை இல்லை. ஜனவரியில்தான் சமாசாரம். ஏரித் தண்ணீர் 5 டிகிரியை ஒட்டி நிற்கும். கரையில் நிற்கிற எல்லார் வாயிலும் புகை. ஒருவர் கையிலும் சிகரெட் இருக்காது! ஆனால் அப்போதுதான் க்யூவும் இருக்காது. க்யூ இல்லாத இடத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார எந்தத் தமிழனுக்கு மனசு வரும்?

மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"போகாதீங்கன்னு சொல்லலை. ஆனா எதுல செத்துப்போவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

அதன்பின் அரை மணி நேரம் பாடம். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆனால் ஆள் விறைத்துப்போக நேரமாகும். அதற்கு முன்பே வருகிற எமன் வேறு. குளிர்ந்த நீரில் பொத்தென்று விழுந்ததும், நம்மைக் கேட்காமலே 'ஹக்' என்று மூச்சு உள்ளே இழுக்கும். அந்த வினாடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால், உள்ளே போவது காற்று அல்ல. கூடவே இதயம் தறிகெட்டு ஓடும்; ரத்த அழுத்தம் ஏறும். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனாலே இந்த அபாயம் உண்டு என்கிறது கடலில் உயிர் காக்கும் பிரிட்டிஷ் அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. அவர்கள் சொல்லித்தரும் வைத்தியம், நீந்தாதே, மல்லாந்து மித, மூச்சு சீராகட்டும் என்பது.

கார்டன் கீஸ்ப்ரெக்ட் என்ற கனடாப் பேராசிரியர் இதற்கு ஒரு வாய்ப்பாடே வைத்திருக்கிறார்: 1-10-1. உறைகிற தண்ணீரில் விழுந்தால் மூச்சை அடக்கி ஆள 1 நிமிஷம். கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிஷம். நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம்.

"அந்த முதல் நிமிஷத்தைத் தாண்டி வர்றதுக்கு எது உதவுமோ, அதை வாங்குங்க. விலையைப் பத்தி நான் ஒண்ணும் கேட்கமாட்டேன்" என்றாள்.

விலையைப் பற்றிக் கேட்கமாட்டேன் என்று மனைவி சொன்னால், கணவன் இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக வேண்டும். இது எந்த அக்கவுண்டன்ஸி புத்தகத்திலும் இல்லாத விதி.

அந்த வாரம் திருநெல்வேலியிலிருந்து அம்மா போன் செய்தாள். பேச்சுவாக்கில், "ஐந்நூறு பவுண்டுக்கு ஒரு சட்டை பார்த்திருக்கேம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் நிசப்தம்.

"அஞ்ஞூறு பவுனா? எய்யா... உன் தங்கச்சி கல்யாணத்துக்கே இருபத்தஞ்சு பவுன்தானய்யா போட்டோம்!"

எட்டு கிராம் பவுன் ஐந்நூறு என்றால் நாலு கிலோ தங்கம். அதைப் போட்டுக்கொண்டு ஏரியில் இறங்கினால் மிதப்பதாவது!

சரி, அந்தச் சட்டைக்கு வருவோம்.

குளிர்நீர் உடுப்பில் இரண்டு ஜாதி. ஒன்று வெட்சூட். 1950-களின் தொடக்கத்தில் ஹ்யூ ப்ராட்னர் என்ற கலிஃபோர்னியா இயற்பியல்காரர் யோசித்தது. நனைந்தால் நனையட்டும், சூடு போகாமல் இருந்தால் சரி என்பது அதன் சித்தாந்தம். நுரை ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள் கம்பளி வேலை பார்க்கும். நல்ல உடுப்புதான். ஆனால் எங்கள் விளையாட்டில் நிமிஷத்துக்கு ஒரு தரம் விழுகிறோம். ஒவ்வொரு விழுதலிலும் உள்ளே புதுசாக ஐஸ் தண்ணீர் புகும். பிறகு கரையில் ஈரத்தோடு காற்றில் நிற்க வேண்டும். ஈர வேட்டியோடு மார்கழி விடியலில் குளத்தங்கரையில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது ட்ரைசூட். ஒரு சொட்டும் உள்ளே வரக்கூடாது என்பது இதன் கொள்கை. தொளதொளவென்று மெல்லிய துணி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ட்ரைசூட் சூடு தராது! அது வெறும் கூரை. அடுப்பு நம் உடம்புதான். உள்ளே என்ன போட்டுக்கொள்கிறோமோ, அதுதான் கம்பளி. ஃப்ளீஸ் என்கிற பஞ்சுபஞ்சான செயற்கைத் துணி உத்தமம். பருத்தி மட்டும் கூடாது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு நம்மையே குளிரவைக்கும். திருப்பூர் அன்பர்கள் மன்னிக்கவும். பனியனைக் கழற்றி வைக்கத்தான் வேண்டும்.

ஆகவே ட்ரைசூட் வாங்குகிறவன் நிறத்தையும் டிசைனையும் பார்ப்பது, வீடு வாங்குகிறவன் வாசல் கோலத்தைப் பார்ப்பது மாதிரி. தண்ணீர் எந்த வழியாக வரும் என்றுதான் பார்க்க வேண்டும். ஐந்து வாசல், ஒரு கதவு. கழுத்து, இரண்டு மணிக்கட்டு, இரண்டு கணுக்கால் ஆகியவை வாசல்கள். ஜிப், கதவு.

வாசல்களில் மெல்லிய லேடக்ஸ் ரப்பர் பட்டை இருக்கும். நம் கன்னியாகுமரித் தோட்டங்களில் மரத்தைக் கீறி எடுக்கிறார்களே, அந்தப் பால்தான் மூலம். வெயிலும் எண்ணெயும் அதற்குச் சத்துரு. தேங்காய் எண்ணெய் வழியும் தலையை அதில் நுழைக்கக்கூடாது. புதுசில் கழுத்துப் பட்டை குரல்வளையைப் பிடிக்கும். அளவான பாத்திரத்தில் மாட்டி ராத்திரி பூரா வைத்தால் தளரும். எங்கள் வீட்டில் சாம்பார்க் குண்டான்தான் அளவாக இருந்தது. காலையில் சமையலறைக்கு வந்த மனைவி, கழுத்து மாட்டிய குண்டானை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாம்பாரும் இல்லை.

கால் விஷயத்தில் வேக்போர்டிங்குக்குத் தனி சட்டம். பலகையில் பூட்ஸ் இறுக்கமாக இருக்கும். தடித்த காலுறை நுழையாது. ஒன்று, கணுக்காலோடு நிற்கிற பட்டை. கால் மட்டும் நனையும். அல்லது பட்டைக்குப் பதிலாக உடுப்போடு ஒட்டிய மெல்லிய லேடக்ஸ் காலுறை. கால் நனையாது, ஆனால் சரளையில் நடந்தால் கிழியும். நான் காலுறை வைத்ததைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மேலே பழைய பாத்ரூம் செருப்பைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக நடக்கிறேன்.

இனி கதவு. முதுகில் ஜிப் வைத்தது விலை குறைவு. ஆனால் போட்டுவிட இன்னொரு ஆள் வேண்டும். ப்ளவுஸுக்கு முதுகில் கொக்கி வைத்த மாதிரி, "கொஞ்சம் போட்டு விடுறீங்களா" என்று கரையில் யாரையாவது தேட வேண்டும். முன்பக்கம் குறுக்கே போகிற ஜிப் விலை அதிகம், சுதந்திரம். இன்னொரு குட்டி ஜிப்பும் சிலதில் உண்டு. 5 டிகிரிக் குளிரில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் அது எதற்குப் பயன்படும் என்று ஆண் வாசகர்களுக்கு நான் விளக்கப்போவதில்லை.

150 பவுண்டுக்குப் பழைய ட்ரைசூட் ஒன்று விற்பனைக்கு வந்தது. போனேன். ஆறடி ஆங்கிலேயர், தங்கமான மனுஷர். டீ கொடுத்தார். "ஒரு சோதனை செய்து பார்க்கலாமா?" என்றேன். கை வாசல்களில் பாட்டில்களைச் சொருகி, கழுத்தை இறுக்கிக் கட்டி, உள்ளே காற்றடித்து, மேலே சோப்புத் தண்ணீர் தடவினேன். வேறொன்றுமில்லை, நம்மூர் பஞ்சர் கடை வைத்தியம்! கழுத்து, கை, கால் எல்லாம் சுத்தம். ஜிப்பின் நடுவில், மடித்து வைத்த இடத்தில், வரிசையாகக் குமிழ் விட்டது. பட்டை போனால் மலிவாக மாற்றலாம். ஜிப் போனால்தான் பெரிய செலவு. அவரே சிரித்து, "என் முழங்கால் ஏன் நனைகிறது என்று இரண்டு வருஷமாக யோசித்தேன்" என்றார். கைகுலுக்கிவிட்டு வந்தேன்.

கடைசியில் அந்த 500 பவுண்ட் புது சூட்தான். கணக்கு இதோ: ஐந்து குளிர்காலம் உழைத்தால் வருஷத் தேய்மானம் 100. சீஸனுக்கு இருபது தடவை போனால் ஒரு தடவைக்கு 5 பவுண்ட். லண்டனில் ஒரு காப்பியும் பன்னும் அந்த விலை. மிதவை ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட்டுக்குள் போடும் ரப்பர் குல்லாய் தனி. சூட் கிழிந்தால் இரும்புக் குண்டாக அமிழ்த்திவிடும் என்று ஒரு பயம் உலவுகிறது. நீருக்குள் நீருக்கு எடை கிடையாது. ஆனால் உள்ளே புகுந்த நீரோடு கரையேறுவது பெரும்பாடு, சூடும் போய்விடும். அதற்குத்தான் ஜாக்கெட்.

ஜனவரி. ஏரி. இறங்குமுன் குத்தவைத்து உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை விரலால் விலக்கி, உள்ளே இருக்கிற காற்றை 'புஸ்' என்று வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் காற்று காலுக்குப் போய், நம்மைத் தலைகீழாக மிதக்கவைக்கப் பார்க்கும். ஏறினேன். மூன்றாவது கம்பத்தருகே திருப்பத்தில் விழுந்தேன். முகத்தில் பளாரென்று அறை. 'ஹக்' வந்தது, வராமல் இருக்குமா? ஆனால் வந்தது முகத்தோடு நின்றது. நெஞ்சும் முதுகும், "என்னப்பா சத்தம் அங்கே?" என்கிற மாதிரி சும்மா இருந்தன. மல்லாந்து மிதந்தேன். பத்து எண்ணுவதற்குள் மூச்சு என்னுடையதாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து ஃப்ளீஸைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தாள். அக்குளில் மட்டும் ஈரம், அது வியர்வை. "ம்..." என்றாள். எங்கள் வீட்டில் அது முதல் வகுப்பு மார்க். மறுநாள் சாம்பார் வந்தது.

காமர்ஸில் 'ஸங்க் காஸ்ட்' என்று ஒன்று படித்திருப்பீர்கள். மூழ்கிய செலவு, திரும்பி வராது, அதை நினைத்து அழக்கூடாது என்பார் ப்ரொஃபஸர். என் 500 பவுண்டும் அந்தத் தலைப்பில்தான் வரும். பணம் மூழ்கி ஆள் மிதந்தால், எந்த ஆடிட்டரும் அதை நஷ்டம் என்று எழுதமாட்டார்.