கப்பலின் எண்ணும் கரையின் இழப்பும்

சித்தூர் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. ஆயினும் அங்கு விளையும் தோத்தாபுரி என்னும் கிளிமூக்கு மாம்பழத்தின் கூழ், பீப்பாய்களில் அடைக்கப்பட்டுக் கன்டெய்னர்களில் கடல் கடக்கிறது. 2022 ஏப்ரல் 4 அன்று உருவான திருப்பதி மாவட்டமோ சூளூர்பேட்டை, வாகாடு பகுதிகளுடன் ஒரு கடற்கரையையும் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியையும் பெற்றது. முன்னதன் விளைச்சல் கப்பலில் செல்கிறது. பின்னதன் மீனவர் அக்கப்பல்கள் செல்லும் கடலில் வலை வீசுகின்றனர். தொலைவில் தெரியும் கப்பல் யாருடையது என்னும் வினா இரு சாராருக்கும் உரியது.

பெயரைக் கொண்டு இதற்கு விடை காண இயலாது. கப்பல் விற்கப்படும்போது பெயரும் கொடியும் மாறலாம். உரிமையாளர் ஒரு நாட்டிலும், நிர்வகிக்கும் நிறுவனம் மற்றொரு நாட்டிலும், வாடகைக்கு எடுத்தவர் மூன்றாம் நாட்டிலும் இருக்கலாம். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க எண் மட்டும், கப்பல் கட்டப்படுவது முதல் உடைக்கப்படுவது வரை மாறாது. 1987இல் ஏற்கப்பட்ட இம்முறை 1996 முதல் கட்டாயமாயிற்று. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், அத்தொகையின் இறுதி இலக்கமே எண்ணின் ஏழாம் இலக்கம். எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலின் எண் 9875343. கூட்டுத்தொகை 183, எனவே ஏழாம் இலக்கம் 3.

சிங்கப்பூர்க் கொடி தாங்கிய அக்கப்பல் 2021 மே மாதம் கொழும்பு அருகே தீப்பற்றி, ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கலந்தன. மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. கப்பல் எது என்பதில் ஐயமில்லை. இழப்பீடு எவ்வளவு என்பதிலேயே வழக்கு நீண்டது.

இங்குதான் அளவை நுழைகிறது. கப்பலின் ‘மொத்த டன்’ என்பது எடையன்று. 1969 உடன்படிக்கையின்படி, மூடப்பட்ட இடங்கள் அனைத்தின் கன அளவிலிருந்து கணக்கிடப்படும் எண் அது. சரக்கு, எரிபொருள், நீர் முதலியவற்றைத் தாங்கும் திறனைக் குறிப்பது டெட்வெயிட் என்னும் வேறோர் அளவு. கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பிடும் பன்னாட்டு விதி, மொத்த டன்னையே அடிப்படையாகக் கொள்கிறது. ஆகவே வரம்பு கப்பலின் பருமனைப் பொறுத்தது. கரையில் நேர்ந்த சேதத்தைப் பொறுத்ததன்று. 2023இல் இலண்டன் நீதிமன்றம் இக்கப்பலுக்கு வகுத்த வரம்பு ஏறத்தாழ 1.9 கோடி பவுண்டு. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் வழங்குமாறு ஆணையிட்ட தொகை 100 கோடி டாலர்.

பழவேற்காட்டுக்குத் தெற்கே, எண்ணூருக்கு அப்பால், 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததையும் இங்கு நினைவுகூர வேண்டும். அத்தகைய நாளில் கரையிலுள்ளோர் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: கப்பலின் எண், அதை நிர்வகிக்கும் நிறுவனம், அதன் மொத்த டன். எவர்மீது வழக்குத் தொடுப்பது, எத்தொகைக்குள் அது அடக்கப்படலாம் என்பதை அவையே காட்டுகின்றன. கடல்சார் சட்டமும் மீனவர் வாழ்வியலும் நம் பல்கலைக்கழகங்களில் வெவ்வேறு துறைகளில் பயிலப்படுகின்றன. அவ்விரண்டையும் இணைத்து ஆராய்வதற்குத் திருப்பதியின் புதிய கடற்கரை தக்க களமாகும்.