அறுந்த கண்ணி

ஒரு செய்தி பலவீனமானது என்பதை எவ்வாறு அறிகிறீர்கள் என்று ஹதீஸ் கலை வல்லாரிடம் கேட்டால், செய்தியை மட்டும் பார்த்து அவர் விடை கூறமாட்டார். இதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், இருவரும் ஒரே காலத்தவரா, ஒருவரையொருவர் சந்தித்தனரா என்று கண்ணி கண்ணியாக ஆராய்ந்து செல்வார். இத்தொடரையே ஸனது என்கிறோம். ஹிஜ்ரி 256இல் (கி.பி. 870) மறைந்த இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் இவ்வாராய்ச்சியில் காட்டிய கண்டிப்பை உலகம் அறியும். இதே நெறி, ஒரு பழைய காரின் ஒலிக்கருவியைப் பழுது பார்ப்பதற்கும் பொருந்துவதை அண்மையில் கண்டேன்.

என்னிடமிருப்பது இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட கார். தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட ரேடியோவும் கேஸட் கருவியும் அடங்கிய பெட்டி அதில் உண்டு. நான்கு கதவுகளிலும் ஸ்பீக்கர்கள் உண்டு. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேஸட்டை இயக்கும் கருவி இன்று எளிதில் கிடைப்பதில்லை. மர்ஹூம் என் உஸ்தாத் அவர்களின் தஃப்ஸீர் பாடங்கள் பதினொரு கேஸட்டுகளில் என்னிடம் உள்ளன. வீட்டிலிருந்த டேப்ரிக்கார்டர் ஓய்ந்துவிட்ட பின்னர், அவர்களின் குரலை அந்தக் காரில் மட்டுமே கேட்டு வந்தேன். ஒருநாள் அக்குரல் நின்றது. பெட்டியில் விளக்கு எரிந்தது, நாடா சுழன்றது, நான்கு ஸ்பீக்கர்களில் ஒன்றிலும் ஓசையில்லை.

கடையொன்றில் காட்டினேன். “பெட்டி செத்துவிட்டது, பாய். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, டச் ஸ்க்ரீன் வைத்த புதியதைப் போட்டுவிடலாம்” என்றார்கள். புதியதில் கேஸட்டுக்கு இடமில்லை. அதுவுமன்றி, நாடி பிடித்துப் பாராமலே மரணச் செய்தி அறிவித்தது என் மனத்திற்கு ஒப்பவில்லை.

எங்கள் மதரஸாவில் ஓதிவிட்டு, பின்னர் வாகன மின்வேலையில் ஈடுபட்ட மாணவர் ஒருவரை அழைத்தேன். அவர் சொன்னார்: “ஹஜ்ரத், விளக்கு எரிவதால் மின்சாரம் பெட்டிக்கு வருகிறது. இப்போது ரேடியோவைப் போடுங்கள்.” ரேடியோவும் மௌனம். “அப்படியானால் கேஸட்டைக் குறை கூற வேண்டாம். இரண்டும் வெவ்வேறு வழியில் வந்து ஆம்ப்ளிஃபயரில் கூடுகின்றன. இரண்டுமே பேசவில்லை என்றால், பழுது அவை கூடும் இடத்திலோ அதற்கு அப்பாலோதான் இருக்கும்.”

முஹத்திஸ்கள் ‘மதார்’ என்று குறிப்பிடுவது இதைத்தானே! பல வழிகளில் வரும் அறிவிப்புகள் எவரிடத்தில் வந்து ஒன்று கூடுகின்றனவோ அவரே மதார்.

பாட்டரி இணைப்பை அகற்றுமுன், பெட்டிக்குரிய ரகசிய எண் என்னிடம் இருக்கிறதா என்று வினவி உறுதி செய்துகொண்டார். பழைய பெட்டிகள் பலவும் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அவ்வெண்ணைக் கேட்கும். அது தெரியாவிடில் நல்ல பெட்டியும் ஊமையாகிவிடும். பின்பு பெட்டியை வெளியே இழுத்தார். ஸ்பீக்கர் ஒன்றுக்கு இரண்டாக எட்டுக் கம்பிகள் இருந்தன. ஒவ்வொரு ஜோடியாக விலக்கி விலக்கிப் பெட்டியை இயக்கினார். ஓட்டுநர் பக்கத்துக் கதவின் ஜோடியை விலக்கியதும் ஏனைய மூன்றும் வாய் திறந்தன! இவ்வகை ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கருக்குச் செல்லும் கம்பி எதுவும் காரின் இரும்புடலைத் தொடலாகாது. தொட்டால், தான் எரிந்துபோகாமல் காத்துக்கொள்ள ஆம்ப்ளிஃபயர் ஓசையை அடக்கிக்கொள்ளும். ஒரு கதவில் நேர்ந்த குறைக்காக நான்கு ஸ்பீக்கர்களும் மௌனம் காத்திருக்கின்றன.

அக்கதவின் ஸ்பீக்கரே கெட்டது என்றும் மாணவர் தீர்ப்பளித்துவிடவில்லை. அதன் இரு முனைகளில் ஒன்றரை வோல்ட் பாட்டரி செல் ஒன்றை ஒரு கணம் தொட வைத்தார். ‘டப்’ என்ற ஓசையுடன் கூம்பு அசைந்தது. மீட்டர் நான்கு ஓமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு அது முறையான அளவே. ஆக, ஸ்பீக்கர் ‘ஸிகா’, நம்பகமானது! எஞ்சியது இடையிலுள்ள கம்பி. கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே ரப்பர் உறைக்குள் ஓடும் அது, கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் இருபது ஆண்டுகளாக மடங்கி நிமிர்ந்திருக்கிறது. உறையை விலக்கிப் பார்த்தால், மேல்தோல் வெடித்து, பச்சை பூத்த செம்பு இரும்பில் உராய்ந்துகொண்டிருந்தது. ஒரு சாண் புதுக் கம்பியை இணைத்துப் பற்றவைத்தார்.

ரேடியோ தெளிவாக ஒலித்தது. கேஸட்டில் உஸ்தாத் அவர்களின் குரல் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியிருந்தது. இம்முறை குறை, இரு வழிகளும் கூடுமிடத்துக்கு முன்னால், கேஸட்டின் வழியில் என்பது விளங்கிற்று. நாடா உரசிச் செல்லும் ஹெட்டில் படிந்திருந்த அழுக்கை, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால் துடைத்தார். குரல் துலங்கியது. அந்தப் பெட்டி சாகவில்லை.

முதுமையில் நினைவு தடுமாறிய அறிவிப்பாளர்களைப் பற்றி, ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தம் நூலில் தனிப் பகுதியே அமைத்துள்ளார்கள். அத்தகையோருள் அதாஉ பின் ஸாயிப் ஒருவர். அவர் இறுதிக் காலத்தில் அறிவித்தவற்றை ஏற்க அறிஞர்கள் தயங்கினர். ஆயினும் ஸுஃப்யானுஸ் ஸவ்ரீ, ஷுஅபா போன்றோர் முன்பே அவரிடம் கேட்டவற்றை ஏற்றுக்கொண்டனர். தளர்ச்சி வந்த காலத்தைக் காட்டி ஒருவரின் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் அவர்கள் வீசி எறியவில்லை. எங்கே முறிந்தது என்று தேடினர்; அந்த இடத்தை மட்டும் விலக்கினர்.

நாமோ, ஒரு வீட்டில் நால்வர் பேசாதிருந்தால் நால்வரையும் குறை கூறுகிறோம். எந்தக் கதவில் எந்தக் கம்பி உராய்கிறது என்று குனிந்து பார்ப்பவர் நம்மில் சிலரே. முதியவரின் சொல் தடுமாறினால், அவர் முன்பு சொன்னவற்றையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறோம். அறிவிப்பாளரின் குறையை எடுத்துரைக்கும் ‘ஜர்ஹு’ ஒரு கலை. அதற்கு இலக்கணமும் வரம்பும் உண்டு. ஆராயாமல் உரைக்கும் குறைக்கு நம் மார்க்கத்தில் வேறு பெயர்கள் இருக்கின்றன. அவை எவருக்கும் இனியவை அல்ல.

குறையை அதற்குரிய இடத்தில் மட்டும் காணும் பொறுமையை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் நல்குவானாக! ஆமீன்.