ஒரு பேண்ட்டு, ஒரு டவுசர், ரெண்டு ஜிப்பு

முதல்ல ஒரு விளக்கம். நம்ம ஊர் சிக்கல், 'தில்லானா மோகனாம்பாள்' சிக்கல் சண்முகசுந்தரத்தோட ஊர் இல்லீங்க. அது நாகப்பட்டினம் பக்கம். நம்மது ராமநாதபுரம் மாவட்டம். கருவேலங்காடு, மொளகாத் தோட்டம், கண்மாய், வெயில். மொட்டை மாடியில ஏறி நின்னாலும் மலைன்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரன் மலையேறுற பேண்ட்டைப் பத்திப் பதிவு போடுறானேன்னு சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம் :-)

சென்னையில ஆணி புடுங்குற நேரம் போக, வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளியங்கிரி போற கூட்டம் எங்களுது. பூண்டி அடிவாரத்துல ஆரம்பிச்சு ஏழு மலை. பிப்ரவரியிலேர்ந்து மே வரைக்கும்தான் விடுவாங்க. ராத்திரி ஏற ஆரம்பிச்சா முதல் மலை படிக்கட்டுலயே வேர்வை ஊத்தும். அரைக்கால் டவுசர் போதும்னு தோணும். ஏழாவது மலைக்குப் போனா காத்து அடிக்கிற அடியில பல்லு தந்தி அடிக்கும். முழுக்கால் வேணும். முட்டிக்கிட்ட ஜிப் வச்சு, வேணும்னா டவுசர், வேணாம்னா பேண்ட்டுன்னு ஆகுற சமாச்சாரம் இதுக்குத்தான்.

போன வருஷம் நெட்டுல நைலான்ல ஒண்ணு வாங்கிப் போட்டுட்டுப் போனேன். எனக்குச் சின்ன வயசுலேர்ந்து கரப்பான் உண்டு. வேர்வை, உரசல், செயற்கைத் துணி மூணும் சேந்ததுல இறங்கி வர்றதுக்குள்ள ரெண்டு தொடையும் புண்ணு. பத்து நாள் கைலியோட வீட்டுலேர்ந்து வேலை பாத்தேன். வெப்கேம்ல இடுப்புக்கு மேலதான் தெரியும்ங்கிறது ஆண்டவன் கருணை. தோல் டாக்டர் ஒரே வார்த்தைல முடிச்சுட்டார்: "பருத்தி போடுங்க."

சரின்னு தேட ஆரம்பிச்சா கடையில இருக்குற முக்கால்வாசி பேண்ட்டு நைலான், இல்லேன்னா பாலியஸ்டர். காரணம் இருக்கு. சாதாரணக் காத்துல பாலியஸ்டர் தன் எடையில அரை சதவீதம்கூட ஈரம் எடுத்துக்காது. பருத்தி எட்டு சதவீதம் எடுக்கும். மழையில நனைஞ்சா சொல்லவே வேணாம், கனத்துத் தொங்கும், காய நேரமாகும். காத்தை விடத் தண்ணி கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதனாலதான் வெள்ளைக்கார மலையேறிங்க "பருத்தி ஆளைக் கொல்லும்"னு பழமொழியே வச்சிருக்காங்க.

கம்பளி நனைஞ்சாலும் கொஞ்சம் சூடு காக்கும். ஆனா முதல் மலை வேர்வைல அதை நினைச்சாலே அரிக்குது. லினன் சீக்கிரம் காயும், உக்காந்து எழுந்தா கசங்கின பேப்பர். சணப்பு நல்ல உறுதி. உத்தராகண்ட் அரசு 2018-லயே அதைப் பயிர் பண்ண அனுமதி குடுத்தது. ஆனா நான் பாத்த பேண்ட்டு விலைக்கு ஒரு ஆட்டுக்குட்டியே வாங்கிரலாம். 'மூங்கில் துணி'ன்னு விக்கிறது பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்துல கரைச்சு இழுத்த விஸ்கோஸ்தான். இதை மூங்கில்னு சொல்லி வித்ததுக்கு அமெரிக்காவுல 2009-லயே சில கம்பெனிங்க மேல நடவடிக்கை எடுத்தாங்க. விஸ்கோஸ் நனைஞ்சா பலம் குறையும். பருத்தி நனைஞ்சா இழை இன்னும் பலமாகும். அது ஒண்ணுதான் எனக்குக் கிடைச்ச நல்ல செய்தி.

இங்க ஒரு சின்னக் கொசுவத்தி. எங்கப்பா டெய்லர். முப்பது வருஷத்துக்கு மேல சிக்கல்லதான் கடை. ரெடிமேடு வந்தப்புறம் ஜூன் மாச யூனிபார்மும், கால் நீளம் குறைக்கிற வேலையும்தான் மிச்சம். போன தீபாவளிக்கு அப்புறம் போன்ல, "இந்த வருஷத்தோட கடையை மூடிரலாம்னு இருக்கேன்டா"ன்னார். நான் ஏதோ பில்டு ஓடிட்டு இருந்த அவசரத்துல, "மூடிருங்கப்பா, அதான் நான் சம்பாதிக்கிறேன்ல"ன்னு சொல்லிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிப்பா"ன்னு வச்சுட்டார். சொன்னதுல தப்பு என்னன்னு அப்ப எனக்குப் புரியலை.

ஜனவரில ஊருக்குப் போறப்ப, மதுரை விளக்குத்தூண் பக்கம் இறங்கி 'சுத்தப் பருத்தி'ன்னு துணியும், ஜாக்கெட்டுக்கு வைக்கிற மாதிரி ரெண்டாப் பிரியுற ஜிப் ரெண்டும் வாங்கிட்டுப் போனேன். அப்பா துணி ஓரத்துல ஒரு நூலை உருவி நெருப்புக்குச்சியில காட்டினார். நுனி சுருண்டு கறுப்பா மணி மாதிரி உருண்டுச்சு.

"பருத்தின்னா பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். இதுல பாலியஸ்டர் கலந்திருக்கு. ஏமாத்திப்புட்டான்."

பொறியியல் படிச்சு, ஒரு மாசம் கூகுளைக் குடைஞ்சவன் நான். அவருக்கு ஒரு தீக்குச்சி. அவ்வ்வ்வ்.

அப்புறம் பீரோ அடியிலேர்ந்து ஒரு காக்கி டிரில் துணியை எடுத்தார். நெருக்க நெய்த பருத்தி, சாய்வா கோடு ஓடும். "யாருதுப்பா இது?"ன்னு கேட்டேன்.

"உனக்குத்தான் எடுத்தது. நீ வேலைக்குச் சேந்தப்ப. அப்புறம் நீ தைக்கச் சொல்லவே இல்லையே."

நான் ஒண்ணும் பேசலை. பில்டு ஓடின அன்னைக்குப் போன்ல கேட்ட அதே அமைதி.

அவரே பேசினார். "மலைக்குன்னா வேட்டி கட்டிட்டுப் போக வேண்டியதுதானே. மடிச்சுக் கட்டினா அரைக்கால், இறக்கி விட்டா முழுக்கால். இதுக்கு எதுக்குடா ஜிப்பு?" நியாயம்தான். வெள்ளியங்கிரில பாதிப் பேர் வேட்டிலதான் ஏறுறாங்க. "எனக்கு அவுந்துரும்பா"ன்னேன். ரொம்ப நாள் கழிச்சுச் சத்தமாச் சிரிச்சார்.

ரெண்டு நாள் வேலை நடந்துச்சு. முதல்ல துணியை ராத்திரி பூரா தண்ணியில ஊற வச்சுக் காயப்போட்டார், தச்சப்புறம் சுருங்கக் கூடாதுன்னு. முட்டி நேர்ல ஜிப் வைக்கச் சொன்னேன். என்னைக் குத்த வச்சு உக்காரச் சொன்னார். "பாரு, துணி வளையும், ஜிப்பு வளையாது. படி ஏறுறப்ப அறுக்கும்." முட்டிக்கு மேல நாலு விரல் தள்ளி வச்சார். ஜிப் தோல்ல படாம இருக்க உள்பக்கம் ஒரு பருத்திப் பட்டி. ஷூவைக் கழட்டாம கால் பகுதியை உருவுறதுக்கு அடிச்சுத்து 18 இஞ்ச். கவட்டுல வைர வடிவத்துல ஒரு தனித்துண்டு, கால் அகட்டி வச்சாக் கிழியாம இருக்க. வலது ஜிப் தலையில மட்டும் ஒரு நூல் முடிச்சு: "இருட்டுல தடவிப் பாத்தாலே எந்தக் கால்னு தெரியும்."

தையல் நூலும் பருத்திலயே போடலாமான்னு கேட்டதுக்கு, "மலையில பிரிஞ்சா யாருடா தைப்பா?"ன்னு பாலியஸ்டர் நூல்தான் போட்டார். ஜிப் பட்டையும் பாலியஸ்டர். ஆக, நூறு சதவீதம் இயற்கைன்னு யாராவது சொன்னா ஜிப்பையும் நூலையும் பாருங்க மக்களே.

மார்ச்ல ஏறினோம். டவுசராவே ஆண்டி சுனை வரைக்கும். அதைத் தாண்டினதும் முடிச்சைத் தடவிப் பாத்து இருட்டுலயே ரெண்டு காலையும் மாட்டினேன். காத்து உள்ள வரலை. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல கடல்ல விழுற பிரிட்டிஷ் விமானிகளுக்காகப் பருத்தியிலயே ஒரு துணி பண்ணாங்க. நனைஞ்சா இழை உப்பி இடைவெளியை அடைச்சிரும். பேர் வென்டைல். நம்ம டிரில் அந்த ரகம் இல்லேன்னு இறங்குறப்ப பேஞ்ச மழையில தெரிஞ்சுது. ஈரக் காக்கி கால்ல ஒட்டி ஐஸ் மாதிரி ஆயிருச்சு. கால் பகுதியைக் கழட்டிப் பிழிஞ்சு பைக்குள்ள போட்டேன். பாலித்தீன் பையில அப்பா சுத்திக் குடுத்த கைலி காஞ்சு இருந்துச்சு, அதைக் கட்டிக்கிட்டுத்தான் இறங்கினேன். தோல்ல ஒரு கீறல், ஒரு தடிப்பு இல்லை.

ஆக, என் முடிவு இதுதான். வெயில் காலத்துல ஒரு ராத்திரி ஏறி இறங்குற மலைக்கு, தோல் பிரச்சினை உள்ளவனுக்கு நெருக்க நெய்த பருத்தி போதும். ஆனா காஞ்ச மாத்துத்துணி பையில கட்டாயம் இருக்கணும். பனிமலைக்கோ அடைமழைக்கோ இதை நம்பிப் போகாதீங்க.

அடிவாரத்துலேர்ந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். "ஜிப்பு அறுத்துச்சா?"ன்னார். இல்லைன்னேன். "கவட்டுத் தையல்?" அதுவும் நல்லா இருக்குன்னேன். கூட வந்த பசங்க ரெண்டு பேர் அதே மாதிரி கேக்குறாங்கன்னு சொன்னேன்.

"அளவு அனுப்பச் சொல்லு. குத்த வச்சு உக்காந்து எடுக்கச் சொல்லு"ன்னார்.

கடையை மூடுறதைப் பத்தி அவரும் பேசலை, நானும் கேக்கலை.