புளியறிந்த நாக்கு

எங்கள் இல்லத்தில் மதுவைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. தந்தையார் சாராயத்துக்குப் பலியானவர். நாற்பத்தைந்து வயது வரை நானும் அதனைத் தொட்டதில்லை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கொணர்ந்த தேறலைப் பருகி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவதைப் பி.ஏ. வகுப்பில் படித்ததோடு சரி.

சென்ற ஆண்டு என் தாய்மாமன் மைசூர் விஜயநகரில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற புதுச்சேரிக்காரர். பாரிசில் மகளைக் கண்டு திரும்பும் வழி. அவர் பெட்டியிலிருந்து ஷப்லி என்னும் வெள்ளை வைன் புட்டி ஒன்று வெளிவந்தது. அம்மாவின் முகம் இருண்டது.

"இவன் குடிக்க வேண்டாம், அக்கா. சுவைத்துத் துப்பட்டும். அங்கே வைனை மதிப்பிடுபவர்கள் அப்படித்தான் செய்வார்கள்" என்றார் மாமா.

இதனை 'டிரை' வைன் என்பர். உலர்ந்தது என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும். இனிப்பு நீங்கியது என்பதே கருத்து. திராட்சையின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்து மதுசாரமாக மாறிவிடுகிறது. பர்கண்டிப் பகுதியின் வடகோடியில், பழங்காலச் சிப்பிகள் புதைந்த சுண்ணாம்பு மண்ணில் விளையும் ஷார்தொனே திராட்சையே இதற்கு மூலம்.

வெள்ளைத் தாளின்மேல் கண்ணாடி டம்ளரைச் சாய்த்துப் பார்த்தேன். வெளிர்மஞ்சளில் சிறிது பசுமை. முகர்ந்தேன், நார்த்தங்காய்த் தோலும், மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவரும் நினைவுக்கு வந்தன. மாமா சுண்ணாம்பைக் குறிப்பிட்டிராவிடில் அம்மணம் எனக்குத் தோன்றியிருக்குமா என்பது ஐயமே! ஒரு மிடறு வாயில் கொண்டு, காற்றை உள்ளிழுத்து, நாக்கெங்கும் சுழலவிட்டேன்.

புளிப்பு! அந்நியமான புளிப்பன்று; ரசத்துக்குக் கரைத்த புதுப்புளியின் தெளிநீர் போன்றது. இதில் வியப்பில்லை. திராட்சைக்கும் புளிக்கும் சிறப்பாக உரிய அமிலம் ஒன்றே, டார்டாரிக் அமிலம். துப்பிய பின்னரும் சுவை நெடுநேரம் நின்றது. நல்ல வைனுக்கு அது ஓர் அடையாளம் என்றார் மாமா. எனினும் உப்பில்லாத பண்டம்போல் ஏதோ ஒரு குறை. வெறுமனே பருகுவதற்கன்று, மீனோடு சேர்வதற்கே இது உரியது என்பது என் முடிவு.

சமையலறை வாயிலில் நின்றிருந்த அம்மா அருகில் வந்து, டம்ளரை வாங்கி முகர்ந்தாள்.

"அவரிடம் வீசிய நாற்றம் இதில் இல்லையே, தம்பி."

மாமா வாய் திறக்கவில்லை. அம்மா எஞ்சியதைத் தொட்டியில் ஊற்றினாள். டம்ளரை இருமுறை புளியிட்டுத் தேய்த்துக் கழுவி, மற்றப் பாத்திரங்களோடு சேர்க்காமல், சன்னல் திட்டில் தனியே கவிழ்த்து வைத்தாள்.