அய்யாற்றின் வழியே மேலே

காவிரி எங்கிருந்து வருகிறது என்று ஸ்ரீரங்கத்தில் கேட்டால் மேட்டூர் என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் தலைக்காவிரி என்பார். வடக்கே கையைக் காட்டியவரை நான் பார்த்ததில்லை. மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, வானம் தெளிந்த காலையில் வடக்கே பார்த்து நின்றால், காவிரி, ரங்கநாதர் கோயில் கோபுரங்கள், கொள்ளிடம் எல்லாவற்றையும் தாண்டி மங்கலாக மலைகள் தெரியும். கொல்லிமலை, பச்சைமலை. அங்கே பெய்கிற மழையிலும் காவிரிக்குப் பங்கு உண்டு.

சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் ஏறி, உப்பிலியபுரம் வழியாகப் புளியஞ்சோலை போனேன். கொல்லிமலை உச்சியில் அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடி, ஆகாய கங்கையாக விழுகிற அய்யாறு இங்கேதான் சமவெளிக்கு இறங்குகிறது. பாறை இடுக்குகளில் முழங்கால் அளவுத் தண்ணீர், குளிர் எலும்பைத் தொடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குளித்துவிட்டு பிரியாணிப் பொட்டலங்களை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறது. இதே தண்ணீர்தான் வயல்களைத் தாண்டிக் காவிரியைச் சேர்கிறது.

ஆனால் கொல்லிமலைத் தண்ணீர் முழுவதும் நமக்கு வருவதில்லை. மறுபக்கச் சரிவில் இறங்குவது ஸ்வேத நதியாகி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. கொள்ளிடத்தின் முகத்துவாரமோ அங்கிருந்து சற்றுத் தெற்கே. இரண்டுக்கும் நடுவில் பிச்சாவரம். மலையில் பிரிந்த தண்ணீர் சதுப்பு நிலக்காட்டின் இரு பக்கமும் போய்ச் சேர்கிறது. வரைபடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பச்சைமலைக்குத் துறையூரிலிருந்து டாப் செங்காட்டுப்பட்டி பஸ். வளைவுகளில் ஏறும்போது மரவள்ளிக் காடும் பலா மரங்களும் மாறி மாறி வருகின்றன. ஊருக்கு வெளியே ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர் உரலில் குத்திய சாமையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் உமி முன்னால் பறந்தது. அரிசி பின்னுக்கு ஒதுங்கியது.

“விக்கவா ஆத்தா?”

“இது வீட்டுக்கு. குச்சிக்கிழங்குதான் லாரிக்கு. மில்லுக்காரன் சொல்றதுதான் வெலை, சாமி.”

கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது.

இந்த மலைகளில் வாழ்பவர்களை அரசின் பழங்குடிப் பட்டியல் மலையாளி என்கிறது. கேரளத்தோடு சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்களுடைய கதை. அந்தக் கதைப்படியே பார்த்தாலும் அவர்கள் வந்தேறிகள்தான். எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. மலையை எத்தனை தலைமுறையாக உழுகிறார்கள் என்பதுதான் கணக்கு.

ஆற்றைப் பற்றிப் பேசும்போது அதன் பழங்குடிகளையும் சேர்த்துப் பேசுவது வேறிடங்களில் உண்டு. அமேசான் ஆற்றைப் பற்றிய எந்தப் படத்தைப் பார்த்தாலும் யனோமாமி, டிக்குனா என்று மனிதர்கள் கட்டாயம் வருவார்கள். அந்தப் படுகை ஏறக்குறைய 70 லட்சம் சதுர கிலோமீட்டர். காவிரிப் படுகை 81,155தான். அதற்குள்ளும் கபினிப் பக்கம் ஜேனு குருபர், பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர், நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் என்று எத்தனை பேர்! நாமோ 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 404.25 டி.எம்.சி.யை மனப்பாடமாகச் சொல்வோம். மலைக்காரர்கள் அந்தப் பேச்சில் எங்கும் வருவதில்லை.

பிரேசில் 1988 அரசியல் சாசனத்தில் பழங்குடிகளின் நில உரிமையை எழுதிவைத்தது. நம்முடைய வன உரிமைச் சட்டம் 2006இல்தான் வந்தது. அதன்கீழ் 2011இல் சோலிகர்கள் தங்கள் காட்டின்மீது சமூக உரிமை பெற்றார்கள். அதுவும் புலிகள் காப்பகத்துக்குள். காவிரிப் படுகையில் நடந்த இவ்வளவு பெரிய சேதி திருச்சிக்குள் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

புளியஞ்சோலை போகிறவர்கள் மழை விட்டபின் போவது நல்லது. பெருவெள்ளம் வந்தால் ஆற்றில் இறங்க விடமாட்டார்கள், கோடையில் வெறும் பாறைதான். பிரியாணிப் பொட்டலத்தைத் திரும்ப எடுத்து வர ஒரு பையும் வேண்டும்.